கிரைண்டர் தூசி

எங்கள் திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கிரைண்டரில் இரும்பைத் தேய்க்கும்போது கண்ணில் தூசி விழுந்தால் யாரும் டாக்டரைத் தேடிப் போனதில்லை. காஜா பாயைத் தேடித்தான் வருவார்கள். பத்தரை மணி டீக்கு எங்கள் ஷெட் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். நாலு ஷெட் தள்ளியிருந்துகூட ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு ஆள் வரும். வந்தவன் தலையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, இமையைத் தீக்குச்சியில் சுருட்டி, புது நோட்டுத் தாளை நான்காக மடித்து அதன் முனையால் ஒரு தட்டு. தூசி தாளில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். "இந்தா பாரு, உன் சொத்து" என்று அவனிடமே காட்டுவார். பதினான்கு வருஷமாகப் பார்க்கிறேன், ஒரு தடவைகூட அந்தக் கை நடுங்கியதில்லை.

அதனால்தான் அவர் கண்ணிலேயே பட்டபோது, எங்கள் ஷெட்டில் ஒருவனுக்கும் ஒரு கண் டாக்டர் பெயர்கூடத் தெரியவில்லை. படவைத்தவன் நான். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஃபிரெடி. நாற்பத்திரண்டு வயது, ஃபிட்டர், மூக்குக்கு மேல் கோபம். அந்தச் சனிக்கிழமை காலை ஒரு ரோலரில் மாட்டியிருந்த பேரிங் கழல மாட்டேன் என்று அடம்பிடித்தது. பேரிங்கை இரும்புச் சுத்தியால் நேராக அடிக்கக் கூடாது. இரண்டும் கெட்டி இரும்பு, சில்லு தெறிக்கும். நடுவே பித்தளை ராடு வைத்துத்தான் தட்ட வேண்டும். எங்கள் முதலாளி தேவானந்தம் சார் இதைச் சிவப்புப் பெயின்டில் சுவரிலேயே எழுதிவைத்திருக்கிறார். போன வருஷம் இதை மீறிய ரவியை அன்றைக்கே கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பினார்.

பித்தளை ராடு ஷெட்டின் மறுகோடியில் இருந்தது. மிஞ்சிப் போனால் இருபதடி. அந்த இருபதடி நடக்க எனக்கு உடம்பு வணங்கவில்லை. "சனியனே, வரியா இல்லியா" என்று சுத்தியை ஓங்கி மூன்று போடு போட்டேன். மூன்றாவது அடிக்கு, எதிரே குந்தி ரோலரைப் பிடித்துக்கொண்டிருந்த காஜா பாய் "ஸ்" என்று தலையைப் பின்னால் இழுத்தார்.

"இன்னா பாய்?"

"ஒண்ணுமில்லடா. கண்ணுல இன்னாவோ பட்ட மாரி கீது."

வலது கண். வலி பெரிதாக இல்லை என்றார். அவரே ஸ்டூலில் உட்கார்ந்து, எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிச் சொல்லிப் பார்க்கவைத்தார். இமையைச் சுருட்டினேன், தாளை மடித்தேன். தூசி எதுவும் சிக்கவில்லை. கருவிழி ஓரத்தில் ஊசி நுனி அளவுக்கு ஒரு புள்ளி தெரிந்த மாதிரி இருந்தது, தலையைத் திருப்பியதும் அதுவும் காணோம். "ஒண்ணுமே இல்ல பாய்" என்றேன்.

அதற்குள் தேவானந்தம் சார் ஆபீஸ் அறையிலிருந்து வந்துவிட்டார். "என்ன ஆச்சு காஜா?"

சுத்தி இன்னும் என் கையில்தான் இருந்தது. அதை மெதுவாகத் தொடைக்குப் பின்னால் நகர்த்தினேன். வாயைத் திறக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார்.

"கிரைண்டர் தூசி சார்."

"கண்ணாடி போட்டுக்குங்கன்னு எத்தன தடவப்பா சொல்றது?" என்று திட்டிவிட்டு சார் போனார். பாய் திறந்திருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஊட்டுல ரெண்டு பொண்ணுங்க கீதுடா உனுக்கு. வுடு."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. மறைப்பானேன், அப்பாடா என்றுதான் இருந்தது. எதிலிருந்து வந்தால் என்ன, தூசி தூசிதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மத்தியானம் சுத்தியைத் துடைத்து வைக்கும்போது பார்த்தேன்: அதன் முகத்தின் ஓரத்தில் அரிசி நொய் அளவுக்கு ஒரு சில்லு போயிருந்தது. உடைந்த இடம் புதிசாகப் பளபளத்தது. சுத்தியை அலமாரிக்கு அடியில் காலால் தள்ளிவிட்டேன்.

சாயங்காலம் பாய்க்குக் கண்ணில் புகை போட்ட மாதிரி மங்கியது. பல்லாவரம் பக்கம் ரோட்டோரம் போர்டைப் பார்த்து ஒரு கிளினிக்கில் நுழைந்தோம். உள்ளே இருபது பேர் காத்திருந்தார்கள். சின்ன வயசு டாக்டர். "எப்படிப் பட்டுச்சு?" என்று கேட்டார். "கிரைண்டர் தூசி சார்" என்றார் பாய். டாக்டர் எழுதிக் கொடுக்கிற சீட்டு ஆபீஸுக்குப் போகும் என்று எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியும். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்து, தூசி வெளியே போய்விட்டது, கீறல்தான் என்றார். சொட்டு மருந்து எழுதித் திங்கட்கிழமை வரச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் கேட்டார், நாங்கள் பொய் சொன்னோம்.

ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பளபளப்பு.

மறுநாள் சேலையூரில் எங்கள் சர்ச்சில் ஆராதனை முடியும் நேரம், சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பாயின் மனைவி ஜஹானாரா அக்கா. வெளியே ஓடி வந்து எடுத்தேன்.

"ஃபிரெடி, அவரு கண்ணுக்கு முன்னாடி கருப்பா என்னமோ நீந்துதுங்கறாரு. ஈன்னு நெனச்சுக் கையால தள்ளித் தள்ளி வுடறாருப்பா. கண்ணு செவசெவன்னு இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

"பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாமா அக்கா?"

"நானும் அதான் சொன்னேன். தூசிக்கெல்லாமா பெரியாஸ்பத்திரின்னு கத்தறாரு. இங்கயே நல்ல டாக்டரா, அனுபவம் இருக்கற டாக்டரா யாராச்சும் பாரேன். தூசிதானே ஃபிரெடி? வேற ஒண்ணும் இல்லியே?"

"தூசிதான் அக்கா."

சொல்லி முடித்ததும் வாய் கசந்தது.

கண் டாக்டர் வேண்டும் என்று சர்ச் வாசலில் ஒரு தடவை கேட்டுப்பாருங்கள். வெளியே வந்த சபை மொத்தமும் டாக்டராகிவிட்டது. ஒருத்தர் மாமியாருக்குக் கண்புரை எடுத்தவர் நம்பரைக் கொடுத்தார். அந்த டாக்டர் கனடாவில் மகன் வீட்டில் இருந்தார். ஒரு அம்மா தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடச் சொன்னார். இன்னொருத்தர் கேளம்பாக்கத்தில் ஒரு கிளினிக்கைப் பற்றிப் பத்து நிமிஷம் புகழ்ந்துவிட்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் என்று முடித்தார். "பூட்டியிருக்கறதுக்கு எதுக்கய்யா இவ்ளோ பேச்சு?" என்று எகிறிவிட்டேன். என் மனைவி கிறிஸ்டி கையைப் பிடித்து இழுத்தாள்.

போனில் தேடினேன். எல்லாருக்கும் ஐந்துக்கு நாலே முக்கால் நட்சத்திரம். மூன்று இடத்துக்கு அடித்தேன். ஒரு இடத்தில் ஒன்றை அழுத்தச் சொல்லி, இரண்டை அழுத்தச் சொல்லி, கடைசியில் பாட்டுப் போட்டார்கள். இன்னொரு இடத்தில் செவ்வாய்க்கிழமை நேரம் தருவதாகச் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் எடுக்கவே இல்லை, பைக்கிலேயே போய்ப் பார்த்தேன், ஷட்டரில் பூட்டு. அதைக் காலால் ஓங்கி உதைத்தேன், என் கட்டைவிரல்தான் வீங்கியது.

"தூசிக்கு ஏன் இப்படிக் கெடந்து துடிக்கிறீங்க?" என்றாள் கிறிஸ்டி. அவளுக்கும் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றேன். அவள் சும்மா இருக்கவில்லை. போன மாசம் தனக்குக் கண்ணாடி போட்ட கடையில் கேட்கச் சொன்னாள். அது கேம்ப் ரோட்டில் இருந்தது, நல்ல வேளையாகத் திறந்திருந்தது. கடைக்காரர் சுஃபியான் ஒரு லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னதும் தேய்ப்பதை நிறுத்தினார்.

"போனை உள்ள வைங்க சார். நான் பத்துப் பன்னெண்டு டாக்டருங்க சீட்டுக்குக் கண்ணாடி போடறேன். யார் சீட்டுக்குப் போட்டா 'தலை சுத்துது, மாத்திக் குடு'ன்னு திரும்பி வருவாங்க, யார் சீட்டுக்கு வர மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். சுந்தரவல்லியம்மா சீட்டுக்கு இதுவரைக்கும் ஒருத்தர்கூட திரும்பி வந்ததில்ல."

"எங்க இருக்காங்க?"

"பின்னால மூணாவது தெரு. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் கண்ணு பாத்தவங்க. இப்ப வீட்லயே பாக்கறாங்க. ஞாயித்துக்கிழமை லீவுதான். ஆனா கண்ணுல அடின்னு போனா கதவைத் தொறப்பாங்க." நான் ஓடப் பார்த்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கொடுத்தார். "சார், அவங்க கேக்கறதுக்கு நேரா பதில் சொல்லணும். மழுப்பினா செம கோவம் வரும்."

பாய் வீடு மேற்குத் தாம்பரம். கிறிஸ்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போய், வர மாட்டேன் என்றவரை ஆட்டோவில் ஏற்றி, ஜஹானாரா அக்காவையும் உட்காரவைத்து, மேம்பாலத்தில் ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் ஊர்ந்து, கேம்ப் ரோட்டுக்கு வந்து சேர மணி நாலாகிவிட்டது. வழி முழுக்க அக்கா என்னைப் புகழ்ந்துகொண்டே வந்தார். "கூடப் பொறந்தவன்கூட இப்படி அலைய மாட்டான். அல்லா உன் புள்ளைங்கள நல்லா வைக்கணும்." ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாமா என்று இருந்தது எனக்கு. பாய் கைக்குட்டையால் வலது கண்ணை ஒற்றிக்கொண்டே வந்தார். அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

சுந்தரவல்லியம்மாவே வந்து கதவைத் திறந்தார். எழுபது வயதிருக்கும், ஒல்லியான உருவம், புடவைத் தலைப்பில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே பாயின் கண்ணைத்தான் முதலில் பார்த்தார். "உள்ள வாங்க. எப்ப பட்டுச்சு?"

"நேத்துக் காலைல பத்து மணிக்கும்மா" என்றார் பாய்.

"எதனால?"

"கிரைண்டர் தூசிம்மா."

"அப்ப வலி எப்படி இருந்துச்சு?"

"பெருசா ஒண்ணும் இல்லம்மா."

டாக்டர் நின்றார். "கிரைண்டர் தூசி விழுந்தா கண்ணத் தொறக்கவே முடியாதே. மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி அறுக்குமே."

கண்ணைப் பார்க்கிற கருவிக்கு முன்னால் பாயின் தாடையை வைக்கச் சொல்லி, விளக்கை அணைத்துவிட்டு டாக்டர் பார்க்க ஆரம்பித்தார். மேலே பார், கீழே பார், என் காதைப் பார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பாய் சொல்லித்தந்த மாதிரி நான் ஐந்து விநாடியில் பார்த்து முடித்ததை இந்த அம்மா ஏன் இவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். ஜஹானாரா அக்கா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

டாக்டர் விளக்கைப் போட்டார். "கிரைண்டர் தூசி மேலாக்கத்தான் ஒட்டும். இங்க மேல ஒண்ணும் இல்ல. ஓரத்துல ஒரு சின்ன வடு இருக்கு. கண்மணி வட்டமா இல்லாம ஒரு பக்கம் இழுத்திருக்கு. பக்கத்துல யாராவது இரும்பை இரும்பால அடிச்சாங்களா?"

"இல்லம்மா" என்றார் பாய்.

"யோசிச்சுச் சொல்லுங்க. தூசின்னா மருந்து போட்டுட்டு நாளைக்கு நிதானமா ஸ்கேன் பாக்கலாம். சுத்தியல்னா, சில்லு கண்ணுக்குள்ளயே போயிருக்கும். போகும்போது வலிக்காது. உள்ள உக்காந்துகிட்டு துருப்பிடிக்கும், சீழ் வைக்கும். அப்படின்னா இன்னிக்கே எடுத்தாகணும். இந்த நேரத்துல ஒரு சர்ஜனை நான் வீட்லேர்ந்து கெளப்பணும். அதனாலதான் கேக்கறேன்."

"கிரைண்டர்தாம்மா."

அப்போது பாயின் கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. சொல்லாதே என்று ஒரு அழுத்து. ரவி ஞாபகம் வந்தான். ரெண்டு பொண்ணுகளும் யூனிஃபார்மில் நிற்பது ஞாபகம் வந்தது. அலமாரிக்கு அடியில் கிடக்கிற சுத்தி ஞாபகம் வந்தது. பாய் இன்னும் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கை நடுங்கியது. பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கை நடுங்கி நான் பார்த்தேன்.

"அம்மா, அவர் பொய் சொல்றாரு. நான்தான் அடிச்சேன். இரும்புச் சுத்தியால."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "எதை?"

"பேரிங்க. நேரா அடிச்சேன். அவர் எதிர்ல இருந்தார்."

"சுத்தியல் முனை உடைஞ்சிருக்கா?"

"ஓரத்துல ஒரு சில்லு போயிருக்கு. நேத்தே பாத்தேன்."

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னை விட்டுவிட்டுப் போனைக் கையில் எடுத்தார். "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று பாயைக் கேட்டார். பன்னிரண்டு மணி என்றதும், "இனிமே தண்ணிகூட வேணாம்" என்றார். யாரோ ஒரு டாக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸ், ஸ்கேன், தியேட்டர் என்று மடமடவென்று பேசினார்.

ஜஹானாரா அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்துலேர்ந்து கேக்கறேனே ஃபிரெடி. காலைலகூட போன்ல கேட்டேனே. தூசிதான் அக்கா, தூசிதான் அக்கான்னியே."

"அக்கா..."

"அவருக்கு உன் வேலை பெருசா இருந்துச்சு. உனக்கு அவரு கண்ணு பெருசா இல்லியா?"

"வுடு ஜஹா, அவன் வேணும்னா செஞ்சான்?" என்றார் பாய்.

"நீங்க வாய மூடுங்க! ரெண்டு பேரும் சேந்து எங்கிட்டயும் பொய், டாக்டர்கிட்டயும் பொய்!" அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் காலிலாவது விழுந்திருப்பேன்.

டாக்டர் எழுதிக்கொடுத்த கடிதத்தை ஆம்புலன்ஸில் வைத்துப் பார்த்தேன். இங்கிலீஷில் எனக்குப் புரிந்தது ரெண்டே விஷயம்தான்: சுத்தியல், முப்பது மணி நேரம். அந்த முப்பது மணி நேரமும் என்னுடையது.

அன்றைக்கே ஆபரேஷன் செய்து சில்லை எடுத்தார்கள். திங்கட்கிழமை காலை நான் அந்தச் சுத்தியைக் கொண்டுபோய் தேவானந்தம் சார் மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். சார் ரொம்ப நேரம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஒரு மாசம் கழிச்சு வா. உன்ன வெச்சுக்கறதா வேணாமான்னு அப்ப சொல்றேன்" என்றார். வீட்டில் கிறிஸ்டி ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து, சுந்தரவல்லியம்மாவிடம் காட்டுவதற்குப் பாயை அழைத்துக்கொண்டு போனேன். ஜஹானாரா அக்காவும் வந்தார். எந்தப் பக்கம் இறங்கணும், எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க என்பதோடு என்னிடம் அவர் பேச்சு முடிந்துவிடும். பாய்தான் வழியெல்லாம் வாயை மூடவில்லை. "சூப்பரா தெரியுதுடா. அதோ பாரு, அந்த பஸ்ஸு நம்பர்கூட தெரியுது. நீ ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு கீற?" என்றார். எனக்கு உடம்பே லேசானது. கர்த்தர் கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நல்ல கண் ஒன்று அவருக்குத் திறந்துதான் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

டாக்டர் அவர் இடது கண்ணை ஒரு அட்டையால் மறைத்தார். தன் கையை அவர் முகத்துக்கு எதிரே நீட்டினார். "எத்தன விரல்?"

"மூணும்மா" என்றார் பாய், யோசிக்காமல்.

டாக்டர் ரெண்டு விரல் காட்டிக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லாமல் விரல்களை மடக்கி வெறும் முஷ்டியாக வைத்தார். "இப்போ?"

"நாலு."

சொல்லிவிட்டு நான் நின்ற பக்கமாகத் தலையைத் திருப்பிச் சிரித்தார். டாக்டர் அட்டையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"நானாம்மா?"

"நீங்கதான். நீங்க நின்னா இவர் எனக்கு உண்மை சொல்ல மாட்டார். அன்னிக்கும் இதே கதைதான்."

வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் ஜஹானாரா அக்கா உட்கார்ந்திருந்தார். கதவு முழுக்கச் சாத்தவில்லை. உள்ளே பேசுவது எங்கள் ரெண்டு பேருக்கும் கேட்டது.

"இப்ப சொல்லுங்க காஜா. எத்தன விரல்?"

தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"விரல் தெரியலம்மா. இன்னாவோ அசையற மாரி மட்டும் கீது."

"எந்தப் பக்கம் அசையுது?"

"எடது பக்கம்."

"சரி. இதை வெச்சுத்தான் நான் மேற்கொண்டு வைத்தியம் பாக்க முடியும். இன்னொரு தடவை பாப்போம்."

ஜஹானாரா அக்கா பெஞ்சில் பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு ஆள் உட்கார இடம் வந்தது. உட்காரு என்று சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.